லாபான் வீட்டு மூத்தவள்

பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் மாசிலாமணிக் கங்காணி தன் பெண்களுக்குப் பேர் வைத்த லட்சணத்தைப் பேசாத வாய் கிடையாது. மூத்தவள் லேயாள். இளையவள் ராகேல். வேதம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதுமே "ஐயையோ" என்பார்கள். தெரியாதவர்களுக்காக அந்தப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

யாக்கோபு என்று ஒரு வாலிபன். வீட்டில் வம்பு பண்ணிவிட்டுத் தாய்மாமன் லாபானிடம் ஓடி வருகிறான். மாமனுக்கு ஆடு மாடு ஏராளம், பெண்கள் இரண்டு. இளையவள் ராகேல் நல்ல அழகி. மூத்தவள் லேயாளுக்குப் பார்வை கூச்சம் என்று மட்டும் எழுதியிருக்கிறது. அவளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. மாமன் மகள் முறைப்பெண்தானே என்று யாக்கோபு இளையவளைக் கேட்கிறான். அவளுக்காக ஏழு வருஷம் மாடாய் உழைக்கிறான். கல்யாணத்தன்று லாபான் முக்காட்டைப் போட்டு மூத்தவளை அனுப்பிவிடுகிறான். விடிந்து பார்த்தால் பக்கத்தில் லேயாள்! மருமகன் சண்டைக்குப் போகிறான். லாபான் அசையவில்லை. மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லையப்பா என்று சொல்லிவிடுகிறான்.

பதுளையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சுவிசேஷமுத்து உபதேசியார் இந்தக் கதையைத் தோட்டத்து ஜெபவீட்டில் வாசித்து, லாபானின் சூதைக் கண்டித்துத் தொண்டை வறள வறளப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் லாபான் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "ஞாயமாத்தானே சொல்லியிருக்கான் மனுசன்? மூத்தவள வீட்டுல வச்சிக்கிட்டு எவனாச்சும் சின்னவளக் கட்டிக் குடுப்பானா?" என்றார் ஒருவர். உபதேசியார் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்கப் பாதிரி ஐயர் வருகிற மாதம் எந்த அதிகாரம் வாசிக்கப்படுகிறதோ, அதிலிருந்து பிள்ளைக்குப் பேர். வேதத்தில் உள்ள பேரெல்லாம் நல்ல பேர்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தப்படி நாலாம் லயத்து வீட்டு வரிசையில் ஒரு பார்வோன் மூக்கு ஒழுகத் திரிந்தான். கங்காணிக்கு முதல் பெண் பிறந்த மாதம் யாக்கோபின் கதை. லேயாள் என்று வைத்தார். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தபோது மனிதர் ரொம்ப யோசித்து, "அந்த அம்மாவோட தங்கச்சி பேரு என்னங்க?" என்று கேட்டு அதையே வைத்துவிட்டார். அக்காள் தங்கை ஒற்றுமையாக இருப்பார்களாம்! நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷன் செய்கிற காரியம் சில சமயம் கெட்டவன் செய்வதைவிட மோசமாக வந்து முடியும்.

பெண்கள் ஒற்றுமையாகத்தான் வளர்ந்தார்கள். தாய் காய்ச்சலில் போன பிறகு ராகேலுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, முதுகில் இரண்டு வைத்து வளர்த்தது லேயாள்தான். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. மலையில் கொழுந்து பறிக்கையில் எட்டு நிரை தள்ளி நிற்பவள் கூடையில் முற்றல் இலை கிடந்தால்கூட அவளுக்குத் தெரியும். ஆனால் பேர் லேயாள் ஆயிற்றே! பெண் பார்க்க வந்தவர்கள் பேரைக் கேட்டதும் முதலில் அவள் கண்ணைப் பார்த்தார்கள். பிறகு உள்ளே எட்டிப் பார்க்கும் ராகேலைப் பார்த்தார்கள். ராகேலோ சும்மா நின்றாலே பார்க்கத் தோன்றுகிற பெண். இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள், இரண்டு பேருமே சின்னவளைக் கேட்டார்கள். கங்காணி வழக்கத்தைச் சொன்னார். வந்தவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

லேயாள் வெளியே சிரித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அது ஆறாத புண். யாரும் கட்டிக்கொள்ளவில்லையே என்பது அல்ல அவள் கவலை. தன்னைப் பார்த்து, தன்னைத்தான் வேண்டும் என்று ஒருவன் கேட்க மாட்டானா என்பதுதான். அது நடக்காது, பேரிலேயே அப்படி எழுதியிருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் தெமோதரையிலிருந்து ஒரு பேச்சு வந்தது. அங்கே ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம். கல் வேலைக்கு மேஸ்திரியாக இருந்த ஆசீர்வாதம் என்பவன், பதுளைக் கோயிலில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடும் அறுப்புப் பண்டிகையில் மாசிலாமணிக் கங்காணியின் மகளைப் பார்த்தானாம். கட்டினால் அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்கிறானாம். உபதேசியார் சேதி கொண்டுவந்தார்.

"எந்த மகளையாம்?" என்று கங்காணி கேட்டார்.

"அதைக் கேக்க மறந்துட்டேனே!" என்றார் உபதேசியார்.

லேயாளுக்கு அந்த ஆளை ஞாபகம் இருந்தது. நெட்டையாக, சுண்ணாம்பு தின்ற விரல்களோடு, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கிறவன். அவன் தங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் இருந்தது. ஆனால் பக்கத்தில் ராகேல் அல்லவா நின்றாள்! பார்த்தது யாரை என்று சந்தேகப்பட என்ன இருக்கிறது? இவன் விஷயத்தில் மட்டும் அது அவளுக்கு ரொம்பவே வலித்தது.

மார்கழி மழையில் ஒரு நாள் ஆசீர்வாதத்தின் தாய் ஞானப்பூ வந்து இறங்கினாள். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. முதலில் தாய் பார்த்துவிட்டு வரட்டும் என்று ஏற்பாடு. ஞானப்பூ புருஷனை இழந்தவள், மூன்று மாடு வைத்துப் பாலூற்றி மகனை வளர்த்தவள். ரயில் வேலைக்காரர் முகாம் முழுக்க அவள் பால்தான். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வேதத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் பண்ணியவள். பதுளையிலிருந்து மாட்டு வண்டியில், உபதேசியாரை முன்னால் உட்காரவைத்து, குடைக்குக் கீழே குனிந்தபடி வந்தாள்.

வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். லேயாள் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பேரென்ன புள்ள?"

"லேயாள்."

ஞானப்பூ நிமிர்ந்து அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னாலிருந்து ராகேல் தும்மினாள். "அது யாரு?" என்று கேட்டாள் ஞானப்பூ.

"சின்னவ, தங்கச்சி. ராகேல்" என்றார் கங்காணி பெருமையாக.

ஞானப்பூ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணே, என் மகன் கங்காணி மகள்னு மட்டுந்தான் சொன்னான். அவன் யாரைப் பாத்திருப்பான்னு எனக்கு இப்பத் தெரிஞ்சிருச்சு. சின்னவளக் கூப்புடுங்க."

கங்காணி தலையைச் சொறிந்தார். "அது வந்து தங்கச்சி... மூத்தவ இருக்கையில இளையவளக் குடுக்கிற வழக்கம் எங்க..."

அவ்வளவுதான். ஞானப்பூ எழுந்து நின்றுவிட்டாள். "லாபான்! அச்சு அசல் லாபான்! சொல்லு மாறாம அதே பேச்சு! உபதேசியாரே, என்னை எந்த வீட்டுக்குக் கூட்டியாந்தீங்க? வேண்டாதவ பேரை மூத்தவளுக்கு வச்சிட்டு, அவள என் மகன் தலையில கட்டப் பாக்கறாரு. வண்டியப் பூட்டச் சொல்லுங்க!"

வண்டியைப் பூட்டினார்கள். வண்டி திருப்பம் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் அதே வண்டி அப்படியே திரும்பி வந்தது. பசறைக்குப் போகிற பாதையில் மலை சரிந்து, மண்ணும் மரமும் கல்லுமாக ரோட்டை மூடிவிட்டிருந்தது. தோட்டத்துத் தொரை ஆட்களை அனுப்பி வெட்டிப் போடும் வரை ஒரு மனிதரும் அந்தப் பக்கம் போக முடியாது. நொந்துபோய் இறங்கினாள் ஞானப்பூ. வேண்டாம் என்று உதறிவிட்டுப் போன வீட்டிலேயே சாப்பிட்டுப் படுக்க வேண்டிய கதி! கர்த்தர் சில சமயம் இப்படியும் விளையாடுவார்.

உபதேசியாரைக் கணக்கப்பிள்ளை வீட்டில் தங்கவைத்தார்கள். ஞானப்பூவுக்குக் கங்காணி வீட்டிலேயே ஒரு காம்பரா, உள் அறை. முதல் நாள் அவள் யாரோடும் பேசவில்லை. தன் மாடுகளை நினைத்து மட்டும் புலம்பிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு லரீபாவிடம் கறக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாளாம். "அது பாவம் நல்ல பொம்பளைதான், ஆனா மரகதம் அந்நியக் கை பட்டா பால இறக்காதே! செங்கமலம் உதைச்சா உதைச்சதுதானே!" என்று மழையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் காலையில் அடுப்படிக்கு வந்தாள். லேயாள் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"தண்ணி கூடிப்போச்சு" என்றாள் ஞானப்பூ.

"கூடல."

"எனக்குத் தெரியாதா?"

"உங்க வீட்டு மாவு உங்களுக்குத் தெரியும். இது தோட்டத்துல குடுக்கிற மாவு. இதுக்கு இவ்வளவு தண்ணி வேணும். சுட்டபின்ன தின்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

ஞானப்பூ தின்று பார்த்தாள். இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். பிறகு சம்பலுக்குத் தேங்காய் திருவி, உறைப்பு போதாது என்று ஒரு சண்டை, விறகு ஈரம் என்று ஒரு சண்டை, ராகேலை வேலை வாங்காமல் கெடுத்து வைத்திருக்கிறாய் என்று ஒரு சண்டை. லேயாள் ஒன்றுக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த அம்மாள்தான் ஏற்கெனவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே, இனி யாருக்குப் பயந்து நடிப்பது? ஞானப்பூவுக்கோ தன் வீட்டில் சண்டை போட ஆளில்லாமல் எத்தனையோ வருஷம். மாடுகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அன்று பூராவும் அவள் முகம் தெளிந்திருந்ததைக் கங்காணி கவனித்தார்.

சாயங்காலம் உபதேசியார் குடையோடு வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். மழைக்கு ஒதுங்கியது போல லயத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் வந்து நின்றார்கள். இராக்கம்மா என்று ஒருத்தி, அடுத்த காம்பராக்காரி, ஊர் வம்பில் பிறந்து வளர்ந்தவள், மெதுவாகக் கொளுத்திப் போட்டாள்: "ஏம்மா, கேக்கிறனேன்னு கோவிச்சிக்காதீங்க. எங்க லேயாளுக்கு என்ன குறை?"

"அவளுக்கு ஒரு குறையுமில்ல. பேருக்குத்தான் குறை" என்றாள் ஞானப்பூ. "புருசனே திரும்பிப் பாக்காத பேரு."

உபதேசியார் சமாதானம் செய்யப் பார்த்தார். "அப்படிச் சொல்லக் கூடாதம்மா. லேயாளுக்குத்தான் ஆறு ஆம்பளைப் பிள்ளை. தாவீது ராசா அவ வம்சம். ஏன், நம்ம ஆண்டவரே அவ வழியில வந்தவருதான்."

உள்ளே இருந்து லேயாள் வந்தாள். கையெல்லாம் கரி. "அதெல்லாம் யாருக்கு வேணுங்க ஐயா? ஆறு பெத்தா, அறுபது பெத்தா. ஒரு நாளாச்சும் அந்த மனுசன் 'லேயாள் எங்க?'ன்னு அவளத் தேடினானா? அதைச் சொல்லுங்க."

உபதேசியார் வேதத்தை மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். தேடினதாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"சரி, கதை போகட்டும்" என்றாள் லேயாள். "பேருக்குன்னு ஒரு அர்த்தம் இருக்குமில்ல? எனக்கு அந்தப் பேரு வந்ததே நீங்க வாசிச்ச கதையிலதான். அது என்ன அர்த்தம்?"

உபதேசியார் இருமினார். எபிரேய பாஷை படித்த ஒரு பாதிரியாரிடம் அவர் கொஞ்ச காலம் பாடம் கேட்டவர். "அது வந்தும்மா, பெரியவங்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி. ஒரு கட்சி, சோர்ந்து போனவள், இளைச்சுப் போனவள்னு சொல்லுது."

"பாத்தீங்களா!" என்றாள் ஞானப்பூ.

லேயாளின் முகம் விழுந்துவிட்டது. பொறுக்க முடியாமல் கேட்டாள். "இன்னொரு கட்சி?"

"அது வேண்டாமே..."

"சொல்லுங்க ஐயா."

"பக்கத்து தேசத்துப் பழைய பாஷை ஒண்ணுல அது மாதிரி ஒரு சொல் இருக்காம். அதை வச்சுப் பாத்தா..." உபதேசியார் குடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பசு. காட்டுப் பசு."

இராக்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ராகேலுக்கு அடக்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். "சரியாத்தான் வச்சிருக்காங்க! முட்ட வர்றப்ப நீங்க பாக்கணுமே! அப்ப எனக்கு என்னங்க ஐயா?"

"பெட்டை ஆடு. அதுல ரெண்டு கட்சியே கிடையாது."

இப்போது எல்லோருமே சிரித்தார்கள். கங்காணி சிரித்தார், உபதேசியார் சிரித்தார், லேயாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். சிரிக்காத ஒரே ஆள் ஞானப்பூ. அவள் எதையோ பிடித்துக்கொண்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"உபதேசியாரே, அந்த லாபானுக்குத் தொழில் என்ன?"

"ஆடு மாடு மேய்க்கிறதுதான்."

"அதானே. மாட்டுக்காரன்." ஞானப்பூ மடியிலிருந்த வெற்றிலையை எடுத்துப் பிரித்தாள். "எனக்குப் பொம்பளைப் பிள்ளை இல்ல. இருந்தா வைக்கணும்னு நெனச்ச பேரையெல்லாம் மாட்டுக்கு வச்சேன். மரகதம், செங்கமலம், பவுனு. ஊரே சிரிச்சுது. அந்த லாபான் மாட்டுப் பேரை மகளுக்கு வச்சிருக்கான். மாட்டுக்காரனுக்கு மாட்ட விட ஒசந்தது என்ன இருக்கு? மகளைத் திட்டறதுக்கா வச்சிருப்பான்? கொஞ்சறதுக்கில்ல வச்சிருப்பான்!"

அவள் கங்காணி பக்கம் திரும்பினாள். "அண்ணே, மாடு பெருசா, ஆடு பெருசா?"

"மாடுதான் தங்கச்சி."

"மூத்தவளுக்கு மாடு, இளையவளுக்கு ஆடு. அப்ப அவனுக்கு மூத்தவ மேலதான் உசுரு. ஊர்க்காரன் எவனும் அவள ஏறெடுத்துப் பாக்கலன்னு அப்பனுக்கு வயிறு எரிஞ்சிருக்கு. அதுக்காக அவன் செஞ்சது களவுதான், நான் இல்லேங்கல. ஆனா ஏன் செஞ்சான்னு இப்பத்தான் எனக்கு விளங்குது." வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அந்த ரெண்டு கட்சிக்காரனும் ஒரு நாளாவது மாடு கட்டி மேய்ச்சிருந்தா சண்டையே போட்டிருக்க மாட்டானுங்க. பசுன்னாலும் இளைச்சவன்னாலும் ஒண்ணுதான். இளைக்காம எந்தப் பசு பால் குடுத்திருக்கு?"

சொல்லிவிட்டு அவள் லேயாளைப் பார்த்தாள். இந்தத் தடவை கண்ணை ஆராயவில்லை. கரி படிந்த அந்தக் கையைப் பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முந்தித் தன் கையும் அப்படித்தான் இருந்தது என்று நினைத்தாளோ என்னவோ, சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள்.

மறுநாள் காலை மழை விட்டது. தொரை ஆட்களை மண் வெட்ட அனுப்பினார். ஞானப்பூ பல் விளக்கிய கையோடு கங்காணியிடம் வந்து, "அண்ணே, பெரியவளையே குடுங்க" என்றாள்.

கங்காணிக்குச் சந்தோஷத்தில் தலைப்பாகை அவிழ்ந்துவிட்டது. "லேயாள்! ஏ லேயாள்! கேட்டியா?"

லேயாள் கேட்டாள். அவள் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். "அவரு யாரைக் கேட்டாரு?"

"அவன் கெடக்கிறான்! நான் சொன்னாக் கேப்பான்" என்றாள் ஞானப்பூ.

"அதுதான் வேண்டாங்கறேன்." லேயாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அந்த லேயாளும் அப்படித்தானே போனா? அப்பன் சொன்னாரு, வழக்கம் சொல்லிச்சு, அவளும் போயிட்டா. காலம் பூரா அவன் தங்கச்சி முகத்தையே பாத்துக்கிட்டிருந்தான். என்னால முடியாது. அவரு ராகேலைப் பாத்திருந்தா ராகேலைக் கட்டட்டும். நான் இங்கேயே இருந்துக்கறேன்."

"எனக்கு அந்தச் சுண்ணாம்புக் கை மாப்பிள்ளை வேண்டவே வேண்டாம்!" என்று ராகேல் உள்ளே இருந்து கத்தினாள்.

"மூத்தவ இருக்கையில..." என்று கங்காணி ஆரம்பித்தார்.

"அப்பா! நீங்க லாபான் இல்ல!"

அவர் அவிழ்ந்த தலைப்பாகையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

இந்த வாக்குவாதம் முடிவதற்குள் மலைப்பாதையில் ஒரு ஆள் வருவது தெரிந்தது. முழங்கால் வரை சேறு, தோளில் சேறு, தலையில்கூடச் சேறு. தாயைக் காணோமே என்று பயந்து, கெஞ்சி லீவு வாங்கி, சரிந்த மண்ணின் மேலேயே ஏறி இறங்கி வந்திருந்தான் ஆசீர்வாதம். இராக்கம்மாதான் முதலில் பார்த்துச் சத்தம் போட்டாள்.

அந்த நேரத்திலும் லேயாளுக்கு யோசனை ஓடியது. எல்லோரையும் நிற்கவைத்து உத்தரவு போட்டாள். "யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவருக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது. ராகேல் தேத்தண்ணி கொண்டுபோகட்டும். அவரு சந்தோசமா வாங்கிக் குடிச்சாருன்னா, அத்தோட பேச்சு முடிஞ்சுது. அவளையே முடிச்சிடுங்க."

"நான் என்ன சொல்லணும்?" என்றாள் ராகேல்.

"ஒண்ணும் சொல்லாத. நீ சும்மா நில்லு, போதும்."

ராகேலுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அக்காள் சொன்னால் சொன்னதுதான். ஞானப்பூ எந்த நேரமும் கத்திவிடுவாள் என்று தெரிந்ததால் லேயாள் அவளை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் புகைக்குள் குந்தியிருந்தார்கள். ஞானப்பூ வாய்க்குள் ஜெபம் பண்ணினாள். லேயாளின் கை ஞானப்பூவின் கைக்குள் எப்போது போனது என்று இருவருக்குமே தெரியாது.

வெளியே ஆசீர்வாதத்தின் குரல் கேட்டது. "அம்மா சுகமா இருக்காங்களா?"

"சுகம், சுகம்" என்றார் கங்காணி. அதற்கு மேல் பேசினால் உளறிவிடுவோம் என்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். உபதேசியாரும் அதே கூரையைப் பார்த்தார். ஆசீர்வாதமும் அண்ணாந்து பார்த்தான், அங்கே ஒன்றும் இல்லை.

ராகேல் தேத்தண்ணியோடு போனாள். அழுத கண்ணோடு போனதில் அவள் இன்னும் அழகாக இருந்தாள், அது என்ன கண்றாவியோ! ஆசீர்வாதம் கோப்பையை வாங்கினான். அடுப்படியில் லேயாள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள்.

அவன் குடிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ராகேலைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்தான். காம்பராவைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான். கொஞ்சம் கூச்சமாகத்தான் கேட்டான்.

"ஏங்க, உங்க அக்கா எங்கங்க?"

அக்காளின் காரியம், அரைகுறையாக விடக் கூடாது என்று ராகேல் நினைத்தாள். "எந்த அக்கா? பேரச் சொல்லுங்க."

"பேரு தெரியாதுங்களே. அறுப்புப் பண்டிகை ஏலத்துல ஒரு கோழி கட்ட அவுத்துக்கிட்டு ஓடிச்சே! எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னப்போ, தொரைசாணி நாற்காலிக்கு அடியில பூந்து அதைப் புடிச்சி, ஏலம் போட்டவரு கையில குடுத்து, 'ஒழுங்காக் கட்டத் தெரியாதா உங்களுக்கு?'ன்னு ஒரு சத்தம் போட்டாங்களே, அவங்க. அன்னிக்கிலேருந்து அவங்கள நெனச்சா எனக்குச் சிரிப்பா வருது. கல்லு மேல நின்னுக்கிட்டுத் தனியாச் சிரிக்கிறேன்னு ஆளுங்க கேலி பண்றாங்க."

அடுப்படியில் லேயாள் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தக் கோழிக் கூத்துக்காக அவள் வெட்கப்படாத நாள் கிடையாது.

"கோயிலுக்குள்ளயா கோழி புடிச்ச?" என்று ஞானப்பூ காதோடு கேட்டாள்.

"ஆமா அத்தே" என்றாள் லேயாள்.

அதற்கு மேல் ஞானப்பூவைப் பிடித்துவைக்க யாரால் முடியும்? கதவைத் தள்ளிக்கொண்டு புகையோடு வெளியே பாய்ந்தாள். "டேய்! அவ பேரு லேயாள்! உபதேசியாரு அர்த்தம் சொல்லிட்டாரு. காட்டுப் பசுவாம். உதைக்கும், முட்டும், ஒண்ணுக்கும் அடங்காது. இப்பவே தெரிஞ்சுக்க, பின்னால என்கிட்ட வந்து அழக் கூடாது!"

ஆசீர்வாதம் முகம் முழுக்கச் சிரித்தான். "செங்கமலத்துக்கிட்ட உதை வாங்கி வளந்தவந்தானேம்மா நான்!"

கங்காணி அவிழ்ந்த தலைப்பாகையால் கண்ணைத் துடைத்தார். இராக்கம்மா அதற்குள் லயம் பூராவும் சேதி சொல்ல ஓடிவிட்டாள். ராகேல் அழுதபடியே கூப்பிட்டாள். "அக்கா! வெளிய வாக்கா! ஒன்னத் தேடறாரு!"

லேயாளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வேதத்து லேயாளுக்குக் கடைசிவரை கிடைக்காதது தனக்குக் கிடைத்துவிட்டதே என்று அவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் இரக்கமாகக்கூட இருந்தது.

"லேயாள்!" என்று அப்பாவும் கூப்பிட்டார்.

"வாரேம்ப்பா!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கரிக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் எழுந்து வெளியே போனாள்.